மார்பக எம்ஆர்ஐ எதைப் பார்க்கிறது, யாருக்கு உதவுகிறது?

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் தொடங்கித் திருவொற்றியூர் வரை டி.எச். ரோடு நெடுகப் பார்த்துக்கொண்டே போனால், ஸ்கேன் சென்டர் போர்டுகளில் டெஸ்லா எண் கொட்டை எழுத்தில் இருக்கும். 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா. காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு அது. எண் கூடினால் படம் தெளியும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்காக எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி ஒருவர் கையில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், அவருக்குத் தேவையான தகவல் அந்தப் போர்டில் இருக்காது. அங்கே பிரெஸ்ட் காயில் (மார்பகத்துக்கென்றே செய்த, சிக்னல் வாங்கும் கம்பிச்சுருள் பலகை) இருக்கிறதா? மருந்து ஏற்றிப் பல கட்டமாகப் படம் எடுப்பார்களா? எம்ஆர்ஐயில் மட்டும் தெரிகிற ஒரு புள்ளியிலிருந்து சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வழி உண்டா? கேட்க வேண்டியவை இவை. உலக அளவில் பேசப்படும் மார்பக எம்ஆர்ஐ ஆய்வுகள் பல 1.5 டெஸ்லா இயந்திரத்திலேயே நடந்தவை.

இந்தப் பரிசோதனையைப் பற்றி நம் பக்கத்தில் இரண்டு பேச்சு உண்டு. "மேமோகிராம்ல எங்க தெரியுது, எம்ஆர்ஐ எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும்" என்பது ஒன்று. "காசு பிடுங்க எழுதித் தர்றாங்க" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இரண்டும் நிலைத்து நிற்கின்றன. எல்லாம் தெரியும் என்பதே இந்தப் பரிசோதனையின் பலம். தேவையில்லாததும் தெரியும் என்பது அதன் பலவீனம். சரியான ஆளுக்குச் சரியான கேள்வியோடு எடுத்தால் வேறெதற்கும் இல்லாத திறன் அதற்கு உண்டு. கேள்வியே இல்லாமல் எடுத்தால் பணமும் நிம்மதியும் சேர்ந்து போகும்.

வெள்ளைக்குள் வெள்ளை

மேமோகிராம் என்பது எக்ஸ்ரே. அதில் கொழுப்பு கறுப்பாக விழும். பால் சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் வெள்ளையாக விழும். புற்றுக்கட்டியும் வெள்ளைதான். வயது ஏற ஏற, அதுவும் மாதவிடாய் நின்ற பிறகு, சுரப்பித் திசு சுருங்கி அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டி பளிச்சென்று தெரியும். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கும் பலருக்கு மார்பகம் அடர்த்தியாக இருப்பதால், வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துவிடும். இந்த அடர்த்தியை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கிறார்கள். சி, டி இரண்டும் அடர்த்தியான வகை. கைக்கு இறுக்கமாகப் படுவதை வைத்து இதைச் சொல்ல முடியாது, படம் எடுத்தால்தான் தெரியும்.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல், மேமோகிராம் எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய மார்பகம் அடர்த்தியானதா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் அறிக்கைகளிலும் பெரும்பாலும் அந்த எழுத்து இருக்கத்தான் செய்கிறது. நோயாளிக்கு அதை வாசித்துக் காட்டி, "உங்களுக்கு டி வகைம்மா, அதனால மேமோகிராம் சுத்தமா இருக்குன்னு சொன்னாலும் முழுசா நம்பிட முடியாது" என்று சொல்ல ஆளில்லை. இதற்குச் செலவு எதுவும் இல்லை, இரண்டு நிமிடம்தான்.

அடர்த்தி நமக்கு ஏன் கூடுதல் கவலை என்றால், மேற்கு நாடுகளோடு ஒப்பிடும்போது இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே கண்டறியப்படுகிறது. நம் மக்கள்தொகையில் இளையவர்கள் அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வருகிறது. சுமார் 98 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்து வருகிறது. அப்போது பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். இன்று அந்த இடத்தில் இருப்பது மார்பகம்.

மேமோகிராமை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் கூடாது. பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் மிக ஆரம்பநிலைப் புற்று, பல நேரம் பொடிப்பொடியான சுண்ணாம்புப் படிவுகளாகத்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அவை எக்ஸ்ரேயில் அழகாகத் தெரியும், எம்ஆர்ஐயில் தெரியாது. அதனால்தான் எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவரிடமும் மேமோகிராம் எங்கே என்று கேட்கிறார்கள்.

ரத்தம் போகும் வழி

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. காந்தப்புலத்தில் உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வரிசைப்படுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பித் தரும் சிக்னலைப் படமாக்குகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் மார்பகத்தை இப்படி வெறுமனே எடுத்துப் பார்த்தபோது ஏமாற்றம்தான் மிஞ்சியது. நல்ல கட்டியும் கெட்ட கட்டியும் சாதாரணத் திசுவும் ஒன்றுபோலவே தெரிந்தன. கேடோலினியம் என்னும் உலோகம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றிப் படம் எடுக்கும் முறை அதே பத்தாண்டின் நடுவில் ஜெர்மனியில் வந்தது. அதன் பிறகுதான் மார்பக எம்ஆர்ஐ என்று சொல்லும்படியாக ஒன்று உருவானது.

மருந்து ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விடை 1971இல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் முன்வைத்த கருத்தில் இருக்கிறது. ஒரு புற்றுக்கட்டி இரண்டு மில்லிமீட்டர் அளவைத் தாண்டி வளர வேண்டுமானால் அதற்கென்று தனியாக ரத்தக்குழாய்கள் வேண்டும். அவற்றைத் தானே வரவழைத்துக்கொள்ளும் வேலையைக் கட்டி செய்கிறது. ஆனால் அப்படி வரும் குழாய்கள் ஒழுங்கானவை இல்லை. திடீரென முளைத்த நகரில் அவசரத்துக்குப் போட்ட குடிநீர் லைன் மாதிரி, எண்ணிக்கை அதிகம், இணைப்பு தாறுமாறு, வழியெல்லாம் கசிவு. மருந்து அந்தக் குழாய்கள் வழியாகக் கட்டிக்குள் சடாரென்று பாயும். பாய்ந்த வேகத்திலேயே வெளியேறவும் தொடங்கும். சாதாரணத் திசுவில் அது மெல்ல ஏறி, ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே இந்த எம்ஆர்ஐ கட்டியின் வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை, நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு படம், ஏற்றிய பின் அடுத்தடுத்து ஐந்தாறு நிமிடங்களுக்குப் பல படங்கள். ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை வரைகோடாக்கினால் மூன்று வகை கிடைக்கும்: ஏறிக்கொண்டே போவது, ஏறிச் சமமாக நிற்பது, ஏறிச் சரிவது. ஜெர்மனியின் கிறிஸ்டியானே கூலும் அவருடைய குழுவினரும் 266 கட்டிகளை இப்படி ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். ஏறிக்கொண்டே போன வகையில் 6 சதவீதமே புற்று. சமமாக நின்றதில் 64 சதவீதம். சரிந்ததில் 87 சதவீதம்.

87 என்பது 100 இல்லை, 6 என்பது பூஜ்யமும் இல்லை. வரைகோட்டை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. கட்டியின் ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதா, வெளிச்சம் உள்ளே சீராகப் பரவுகிறதா, விளிம்பில் மட்டும் வளையமாக நிற்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ரேடியாலஜிஸ்ட் முடிவுக்கு வருகிறார்.

ஸ்கேன் அறைக்குள்ளே

அறைக்குள் போவதற்கு முன்பே பாதி நேரம் கழிந்துவிடும். "அம்மா, உடம்புல இரும்பு எதுவும் இருக்கக் கூடாது" என்பார் டெக்னீஷியன். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிச் சரட்டில் கொத்தாகக் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள் எஃகு. காந்தத்துக்குப் பக்கத்தில் போனால் பறக்கும். எந்த நகையில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாததால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். மெட்டி, கொலுசு, கொண்டை ஊசி, ஜாக்கெட் கொக்கி. மூக்குத்தித் திருகுதான் பெரிய பாடு. கல்யாணத்துக்குப் போட்டது, இருபது வருஷமாகத் திறக்காதது, எண்ணெய் போட்டு, சோப்பு போட்டு, கூட வந்த மருமகள் திருகி ஒருவழியாக வரும். தாலியைக் கழற்ற மனம் வராத அத்தைகள் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். அதனால் பரிசோதனைக்கு ஒரு கெடுதலும் இல்லை. காப்பர்-டி இருப்பதும் பெரும்பாலும் தடையில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளையில் வைத்த கிளிப் இவற்றில் எது இருந்தாலும் சீட்டு வாங்கும்போதே சொல்ல வேண்டும்.

மேசையில் மல்லாந்து படுப்பதில்லை, குப்புறப் படுக்க வேண்டும். பிரெஸ்ட் காயில் என்பது மெத்தை வைத்த ஒரு பலகை. அதில் இரண்டு குழிகள் இருக்கும். மார்பகங்கள் இரண்டும் அந்தக் குழிகளுக்குள் தொங்கும்படி படுத்து, கைகளைத் தலைக்கு மேலே நீட்டி, முகத்தை ஒரு வளையத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சிக்னலை வாங்கும் கம்பிச்சுருள்கள் அந்தக் குழிகளைச் சுற்றித்தான் இருக்கின்றன. மூட்டுக்கோ வயிற்றுக்கோ வைத்திருக்கும் காயிலை மேலே போர்த்தி எடுத்தால் மில்லிமீட்டர் கணக்கிலான நுணுக்கம் கிடைக்காது. போர்டில் 3 டெஸ்லா என்று எழுதியிருந்தாலும் அதே கதைதான்.

கையில் ஊசி ஏற்கெனவே போட்டிருக்கும். முதல் படம் முடிந்ததும் இயந்திரப் பம்ப், ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று மில்லிலிட்டர் வேகத்தில் மருந்தையும் பின்னாலேயே உப்பு நீரையும் தள்ளும். கை வழியாகச் சில்லென்று ஏறுவது தெரியும். அதன் பிறகு அசையவே கூடாது. காரணம், மருந்துக்குப் பின் எடுத்த படத்திலிருந்து முன் எடுத்த படத்தைக் கணினி கழித்துப் பார்க்கிறது. மாறாதவை எல்லாம் மறைந்து, மருந்து குடித்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். நடுவில் நாலு மில்லிமீட்டர் நகர்ந்தால்கூடக் கழித்தல் தப்பாகி, இல்லாத இடத்தில் வெளிச்சக் கோடுகள் விழும். இயந்திரத்தின் தடதட சத்தத்துக்குக் காதில் பஞ்சோ ஹெட்ஃபோனோ தருவார்கள். பயமாக இருந்தால் அமுக்க ஒரு ரப்பர் பந்தும் கையில் இருக்கும். மொத்தம் இருபதிலிருந்து முப்பது நிமிடம்.

நாள் குறிக்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியின் சில நாட்களில் சாதாரணச் சுரப்பித் திசுவே மருந்தை அதிகம் குடித்து வெளிச்சமாகும், கட்டி அதில் கலந்துவிடும். அதனால் அவசரமில்லாதவர்களுக்கு மாதவிடாய் தொடங்கிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் தேதி கொடுப்பது நல்லது. புற்று என்று ஏற்கெனவே உறுதியானவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மருந்தைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்குச் சில வகைக் கேடோலினிய மருந்துகளால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய் வரக்கூடும் என்பது 2006வாக்கில் தெரியவந்தது. மூலக்கூறுப் பிணைப்பு தளர்வான வகைகள் பலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நிறுத்தி வைத்தது. இப்போது உறுதியாகப் பிணைக்கப்பட்ட வகைகள் கிடைக்கின்றன. நீண்டநாள் சுகர் இருப்பவர்களுக்கு முன்னதாக ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்வது இதனால்தான். வீண் செலவு என்று அதைத் தவிர்க்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தைத் தருவதில்லை.

நீர் நகரும் வேகம், மூன்று நிமிட ஸ்கேன்

மருந்தில்லாமலே கூடுதல் தகவல் தரும் முறை ஒன்று பெரிய இடங்களில் வழக்கமாகிவிட்டது. டிஃப்யூஷன் என்கிறார்கள். திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அது அளக்கிறது. புற்றில் செல்கள் நெருக்கியடித்துப் பெருகுவதால் இடைவெளி குறைந்து நீரின் நகர்வு மட்டுப்படும். நீர்க்கட்டியில் அது தாராளமாக இருக்கும். இந்த நகர்வை ஏடிசி என்ற எண்ணாகத் தருகிறார்கள். எண் குறையக் குறையச் சந்தேகம் கூடும். எம்ஆர்ஐயில் சந்தேகமாகத் தெரிந்த கட்டிகளுக்கு இந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு புற்றைக்கூடத் தவறவிடாமல் ஐந்தில் ஒரு பயாப்சியைத் தவிர்க்க முடிந்திருக்கும் என்று அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மருந்தை அடியோடு விட்டுவிட்டு டிஃப்யூஷனை மட்டும் நம்பலாம் என்ற நிலை இன்னும் வரவில்லை.

கட்டிக்குள் கோலின் என்ற பொருள் அதிகமிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபி பற்றியும் விளம்பரங்களில் பார்க்கலாம். சிறிய கட்டிகளில் அது கைகொடுக்காது. அன்றாட வேலையில் அதற்குப் பெரிய இடமில்லை.

நமக்கு உண்மையில் பயன்படக்கூடிய முன்னேற்றம் வேறொன்று. அதே கிறிஸ்டியானே கூல் 2014இல், முழு ஸ்கேன் எதற்கு, மருந்துக்கு முன் ஒரு படமும் பின் ஒரு படமும் போதாதா என்று சோதித்துப் பார்த்தார். 443 பெண்கள். 17 நிமிடம் பிடித்த முழுப் பரிசோதனைக்குப் பதில் 3 நிமிடம். முழு முறையில் கண்டுபிடித்த 11 புற்றுகளையும் சுருக்க முறையும் கண்டுபிடித்தது. 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அடர்த்தியான மார்பகமுள்ள 1,444 பெண்களுக்கு இந்தச் சுருக்க எம்ஆர்ஐயும் முப்பரிமாண மேமோகிராமும் இரண்டுமே எடுக்கப்பட்டன. 23 பேருக்குப் புற்று இருந்தது. எம்ஆர்ஐ 22 பேரைக் கண்டுபிடித்தது. மேமோகிராம் 9 பேரை.

இயந்திரம் ஓடும் நேரம்தான் எம்ஆர்ஐயின் விலை. ஒரு நாளைக்கு எத்தனை பேரை எடுக்க முடியும் என்பதில்தான் அரசு மருத்துவமனையின் காத்திருப்புப் பட்டியலும் தனியார் பில்லும் அடங்கியிருக்கின்றன. மேசையில் ஏற்றி இறக்கும் நேரம் குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூக்குத்தித் திருகுக்கு எந்த ஜெர்மன் ஆய்விலும் கணக்கு வைக்கவில்லை.

கிடைத்ததெல்லாம் புற்றா

நெதர்லாந்தில் 40,373 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. எல்லோரும் டி வகை அடர்த்தி, மேமோகிராம் சுத்தம் என்று வந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு எம்ஆர்ஐக்கும் அழைப்பு அனுப்பினார்கள். அடுத்த மேமோகிராமுக்கு முன் இடைவெளியில் திடீரென்று முளைக்கும் புற்று, அழைக்கப்படாத குழுவில் ஆயிரத்துக்கு 5 பேருக்கு வந்தது. அழைக்கப்பட்ட குழுவில் 2.5 பேருக்கு. அழைப்பை ஏற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களை மட்டும் பார்த்தால் 0.8. எம்ஆர்ஐயின் பலத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே ஆய்வில் மற்றொரு எண்ணும் இருக்கிறது. முதல் சுற்றில் எம்ஆர்ஐ எடுத்த ஆயிரம் பேரில் சுமார் 80 பேர், புற்று இல்லாமலே மேல்பரிசோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மறு ஸ்கேன், பயாப்சி, பத்து நாள் தூக்கமின்மை. நெதர்லாந்தில் அதற்கான செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். கொருக்குப்பேட்டையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு அழைப்பும் ஒரு நாள் சம்பளம்.

நம் பக்கத்தில் இதை இன்னும் குழப்பும் காரணம் ஒன்றுண்டு. மார்பகத்தில் வரும் காசநோயும், பிள்ளை பெற்ற சில ஆண்டுகளுக்குள் இளம்பெண்களுக்கு வரும் ஒருவகை நாள்பட்ட அழற்சியும் எம்ஆர்ஐயில் அப்படியே புற்று வேஷம் போடும். அழற்சி இருக்கும் இடத்திலும் ரத்த ஓட்டம் கூடும், செல்கள் நெருங்கும், நீர் நகர்வு குறையும். வளையமாக வெளிச்சம், சரியும் வரைகோடு, குறைந்த ஏடிசி என்று எல்லா அடையாளமும் பொருந்தும். ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனை இன்றைக்கும் கூட்டமாக இருக்கிற ஊரில், படத்தை மட்டும் பார்த்துப் புற்று என்று சொல்லிவிட முடியாது. சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் முடிவு. ஒரு பாதையில் கீமோ, மறுபாதையில் ஆறு மாத மாத்திரை.

ஏற்கெனவே புற்று உறுதியாகி அறுவைக்குக் காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் அறுவை சுத்தமாக முடியும், திரும்பக் கத்தி வைக்க வேண்டியிருக்காது என்றொரு நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 1,623 பெண்களை வைத்து இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். எம்ஆர்ஐ எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் மறு அறுவை 19 சதவீதமாகவே இருந்தது.

யார் எடுக்க வேண்டும்

முதலில், பரம்பரையாக ஆபத்து உள்ளவர்கள். அம்மா, அக்கா, சித்தி என்று நெருங்கிய உறவில் பலருக்கு, அதுவும் ஐம்பதுக்கு முன்பே மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால், பிஆர்சிஏ மரபணுச் சோதனை பற்றிக் கேட்க வேண்டும். அந்த மரபணுக்களில் கோளாறு உள்ள பெண்களில் 80 வயதுக்குள் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்கு மார்பகப் புற்று வருகிறது. இவர்களுக்கு இருபத்தைந்து வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ என்பது அமெரிக்க வழிகாட்டுதல். 2004இல் வந்த டச்சு ஆய்வில், இப்படி ஆபத்து கூடிய 1,909 பெண்களில் பரவும் தன்மையுள்ள புற்றை எம்ஆர்ஐ 79.5 சதவீதமும் மேமோகிராம் 33.3 சதவீதமும் பிடித்தன. சிறுவயதில் வேறு புற்றுக்காக நெஞ்சில் 'கரண்ட்' (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டவர்களும் இதே வரிசையில் வருவார்கள்.

அடுத்து, அறுவைக்கு முன் கீமோ எடுப்பவர்கள். கட்டி கரைகிறதா, எவ்வளவு மிச்சம் என்று அளப்பதில் மேமோகிராமையும் அல்ட்ராசவுண்டையும் எம்ஆர்ஐ முந்திவிடும். பெரிய கட்டியோடு வருபவர்கள் அதிகமுள்ள நம் அரசு மருத்துவமனைகளில், மார்பகத்தை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்ற முடிவுக்கு இது உண்மையாகவே உதவும். என்னைக் கேட்டால், வடசென்னையில் ஒரு மார்பக எம்ஆர்ஐ வசதி செய்து கொடுப்பதாக இருந்தால் இவர்களுக்குத்தான் முதல் இடம்.

அக்குளில் நெறிகட்டி, அதில் புற்று என்று வந்து, மார்பகத்தில் மட்டும் எங்கு தேடியும் மூலம் கிடைக்காதவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எம்ஆர்ஐ மூலத்தைக் காட்டிவிடும்.

கைக்குத் தட்டுப்படும் கட்டியோடு வருகிறவருக்கு முதல் வேலை எம்ஆர்ஐ இல்லை. காசிமேட்டில் கூடை தூக்குகிற அக்காவுக்குக் குளிக்கும்போது கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது என்றால், மருத்துவர் கையால் ஒரு பரிசோதனை, ஒரு மேமோகிராம், ஒரு அல்ட்ராசவுண்ட், தடித்த ஊசியால் சதை எடுக்கும் ஒரு கோர் பயாப்சி, இந்த வரிசை போதும். எல்லாமே ஸ்டான்லி போன்ற ஓர் அரசு மருத்துவமனைக்குள் முடியக்கூடியவை. பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் இன்றும் சொல்வார்கள். சந்தேகமான கட்டி கையில் தட்டுப்படும்போது எம்ஆர்ஐ சுத்தம் என்று வந்தாலும் பயாப்சியை விட்டுவிட முடியாது; சந்தேகம் என்று வந்தாலும் பயாப்சிதான். இரண்டு வழியும் போய்ச் சேருகிற இடம் அதுவென்றால், நடுவில் இரண்டு வாரம் எதற்கு?

"ஊசி குத்துனா பரவிடும்" என்கிற பயம்தான் அந்த இரண்டு வாரத்தை ஆறு மாதமாக்குகிறது. ஊசி குத்துவதால் நோய் முற்றிவிடுவதில்லை. ஏற்கெனவே முற்றிய நிலையில் வந்து ஊசி குத்திக்கொண்டவர்களைப் பார்த்துப் பார்த்து உருவான நம்பிக்கை அது.

பொதுவான பெண்களுக்கு என்ன வழி என்பதற்கு மும்பையில் நீண்ட ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி இருபது ஆண்டுகள், ஒன்றரை லட்சம் பெண்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள், நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. இளவயதில் வரும் புற்றுக்கு மறுபடியும் அடர்த்தியும் மரபும் பற்றிய கேள்விக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. மூன்று நிமிட எம்ஆர்ஐ நம் விலைக்கு வந்தால் அதற்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

அறிக்கை கைக்கு வந்த பிறகு

கடைசிப் பக்கத்தில் பை-ராட்ஸ் என்று போட்டு ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் புற்றாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, பெரும்பாலும் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். 4 என்றால் பயாப்சி வேண்டும். புற்று என்று அர்த்தமில்லை, 2இலிருந்து 95 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். 5 என்றால் 95 சதவீதத்துக்கு மேல். 6 என்பது ஏற்கெனவே உறுதியானவர்களுக்குப் போடுவது. 0 என்பதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பரிசோதனை முழுமையடையவில்லை, இன்னும் படம் வேண்டும் என்பதே அதன் பொருள்.

எம்ஆர்ஐயில் மட்டும் 4 என்று வந்தால், முதலில் அதே இடத்தை அல்ட்ராசவுண்டில் குறிவைத்து மறுபடி தேடுவார்கள். தெரிந்துவிட்டால் அதன் வழியாகவே சதை எடுத்துவிடலாம், செலவும் குறைவு. தெரியாவிட்டால் எம்ஆர்ஐ மேசையிலேயே ஊசி வைத்து எடுக்க வேண்டும். அதற்குக் காந்தம் இழுக்காத ஊசியும், குழிகளின் பக்கவாட்டில் கட்டம் போட்ட சட்டமும், பழகிய கையும் வேண்டும். எல்லா சென்டரிலும் இவை கிடையாது. அந்த வசதி எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெரிய மருத்துவமனைக்கு மாற்றினால் அங்கே அறிக்கைத் தாளை மட்டும் நீட்டினால் போதாது. படங்கள் முழுதும் உள்ள சிடி, பழைய மேமோகிராம் ஃபிலிம், பயாப்சி ஸ்லைடு, பாரஃபின் பிளாக் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்தது) இவை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். சிடியைத் திறக்க முடியாமல் மறுபடி ஸ்கேன் எழுதுவதும் நடப்பதால், சென்டரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு முறை கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.